கேமராவுக்கும் தொலைநோக்கிக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி? கேலக்ஸி படம் எடுக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேலக்ஸி படம் எடுக்க ஆசைப்பட்ட முதல் வருடம் நான் செய்த காரியத்திலிருந்தே தொடங்குகிறேன். 8 அங்குல ஷ்மிட்-கசெக்ரைன் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். குவியத்தூரம் 2032 மி.மீ. அதன் பின்னால், கைக்கு எட்டிய விலையில் கிடைத்த 2 கோடி பிக்சல் கேமரா ஒன்றை மாட்டினேன். ஒரு பிக்சலின் அகலம் 2.4 மைக்ரான் (ஒரு மி.மீட்டரில் 1000 மைக்ரான்). பெரிய தொலைநோக்கி, பொடிப் பிக்சல், இதைவிட என்ன வேண்டும் என்ற நினைப்பு. எம்51 என்கிற சுருள் கேலக்ஸியை நோக்கித் திருப்பி மூன்று மணி நேரம் எடுத்தேன். காலையில் கணினியில் விரித்துப் பார்த்தால் நட்சத்திரம் ஒவ்வொன்றும் இட்லி மாதிரி உப்பியிருந்தது. சுருள் கைகள் தெரிந்தனவா என்றால் தெரிந்தன, ஈரத்துணியால் துடைத்த கோலம் போல.

தொலைநோக்கியில் பழுதில்லை, கேமராவிலும் பழுதில்லை. பொருத்தம்தான் இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு ஜாதகம் போதும். இங்கே மூன்றாவதாக ஒரு ஜாதகம் உண்டு. உங்கள் தலைக்கு மேலே இருக்கும் காற்று. பெரும்பாலானவர்கள் அதைக் கேட்காமலே நாள் குறித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் குறித்தேன்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர், தொலைநோக்கி வாங்கப் போகிறவர், இரண்டும் வாங்கிவிட்டுப் படம் ஏன் மங்கலாக வருகிறது என்று தலையைச் சொறிபவர், மூவருக்கும் கீழே உள்ள வரிசை பொருந்தும். பெருக்கல் வகுத்தலுக்கு மேல் பெரிய கணக்கு எதுவும் கிடையாது. ஒரு கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு பிக்சலுக்குள் எவ்வளவு வானம்?

புதிதாக வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பது. கண்ணை வைத்துப் பார்ப்பதற்குத்தான் அந்தக் கேள்வி. கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேமராவை மாட்டியதும் மடங்கு என்ற பேச்சே இல்லை. ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு அகலத்தை அள்ளுகிறது என்பதுதான் கணக்கு.

வானத்தில் தூரத்தைக் கோணமாக அளப்பார்கள். 1 டிகிரியில் 60 வில்நிமிடம், 1 வில்நிமிடத்தில் 60 வில்விநாடி. முழுநிலாவின் அகலம் சுமார் 30 வில்நிமிடம், அதாவது 1800 வில்விநாடி. இப்போது சூத்திரம்:

பிக்சல் அளவு மைக்ரானில் × 206 ÷ குவியத்தூரம் மி.மீட்டரில் = ஒரு பிக்சலுக்கு இத்தனை வில்விநாடி.

என் முதல் ஜோடியைப் போட்டுப் பாருங்கள். 2.4 × 206 ÷ 2032 = 0.24. ஒரு பிக்சல் கால் வில்விநாடிக்கும் குறைவான வானத்தைப் பார்க்கிறது. இது நல்லதா கெட்டதா என்பதை அடுத்த படியில் பார்ப்போம்.

பிக்சல் அளவைத் தேடி அலைய வேண்டியதில்லை, கேமராவின் விவரப் பக்கத்திலேயே இருக்கும். பழைய 18 மெகாபிக்சல் கேனான் டிஎஸ்எல்ஆர்களில் 4.3 மைக்ரான். பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்ட (ஃபுல்ஃப்ரேம்) கேனான் 6டியில் 6.5. வானுக்கென்றே வரும் குளிரூட்டிய கேமராக்களில் சோனியின் ஐஎம்எக்ஸ்533, ஐஎம்எக்ஸ்571 என்ற இரண்டு சென்சார்களை அடிக்கடி பார்ப்பீர்கள், இரண்டிலும் 3.76 மைக்ரான். ஐஎம்எக்ஸ்585 என்றால் 2.9. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் மெகாபிக்சல் எண் கூர்மையைப் பற்றி எதுவும் சொல்லாது; ஒரு பிக்சலின் அகலமும் சென்சாரின் மொத்த அகலமும்தான் நமக்கு வேண்டிய இரண்டு எண்கள்.

2. உங்கள் வானத்தை அளந்து பாருங்கள்

கூர்மைக்கு உச்சவரம்பு வைப்பது காற்று. தொலைவில் இருக்கும் நட்சத்திரம் உண்மையில் ஒரு புள்ளி. அதன் ஒளி சூடும் குளிருமாகக் கலந்த காற்றடுக்குகளைக் கடந்து வரும்போது நெளிகிறது. கண்ணுக்கு அது மின்னுவதாகத் தெரியும். ஒரு நிமிடம் திறந்திருக்கும் கேமராவுக்கோ, அத்தனை நெளிவும் சேர்ந்து ஒரு சின்ன வட்டமாகப் பதியும். இந்தக் குழப்பத்துக்குத்தான் சீயிங் என்று பெயர். அளக்கும் விதம்: நட்சத்திரத்தின் பிரகாசத்தை ஒரு குன்றாக நினைத்துக்கொண்டு, பாதி உயரத்தில் குறுக்கே வெட்டினால் வரும் அகலம். மென்பொருள்களில் எஃப்டபிள்யூஎச்எம் என்று போட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரையில் 'நட்சத்திர அகலம்' என்றே சொல்கிறேன்.

சாதாரண ஊர்களில் இது 2 முதல் 4 வில்விநாடி வரை இருக்கும். என் மொட்டை மாடியில் இரவு ஒன்பது மணிக்கு 4க்கு மேல். நள்ளிரவு தாண்டினால் 3. காரணம் காலடியிலேயே இருக்கிறது. தட்டோடு பதித்த மாடி பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து, பதினோரு மணி வரை மேலே கக்கிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் மாதம் செருப்பில்லாமல் நின்றால் காலே சொல்லிவிடும். கூடத்தில் படுக்க முடியாத நாளில் மாடியில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டல்லவா, அது இதற்கும் உதவும். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெளித்துவிட்டு, தரை உலர்ந்த பிறகு மட்டும் மின்சாதனங்களை மேலே கொண்டுபோங்கள். அதைவிட நல்லது, மாடியை விட்டு இறங்கிப் புல்தரையிலோ மண்தரையிலோ வைப்பது.

தொடுவானத்தை ஒட்டிப் பார்த்தால் சீயிங் இன்னும் மோசமாகும். 30 டிகிரி உயரத்தில் ஒளி கடக்கும் காற்றின் அளவு, உச்சியில் கடப்பதைப் போல இரண்டு மடங்கு. நட்சத்திர அகலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். உச்சியில் 3 என்றால் அங்கே 4.5. இதை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

அளப்பது சுலபம். கையில் இருக்கும் தொலைநோக்கியோ, நண்பரிடமோ வானியல் மன்றத்திலோ இரவல் வாங்கியதோ, எதுவானாலும் சரி. தலைக்கு நேர் மேலே நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தைக் குவியப்படுத்தி 3 விநாடியில் சில படங்கள், 60 விநாடியில் சில படங்கள் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் சிரில் என்ற மென்பொருளில் திறந்து நட்சத்திரங்களை அளக்கச் சொன்னால் அகலத்தைப் பிக்சலில் தரும். அதை முதல் படியில் வந்த எண்ணால் பெருக்குங்கள், வில்விநாடி வந்துவிடும்.

எதற்கு இரண்டு விதமான நேரம் என்றால், அதில் ஒரு துப்பு இருக்கிறது. 3 விநாடிப் படத்தில் 3.0, 60 விநாடிப் படத்தில் 3.2 என்று வந்தால் மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு திருப்பும் தாங்கி, ஒழுங்காகப் பின்தொடர்கிறது. 3.0 என்பது 4.5 ஆகிவிட்டால் குற்றம் வானத்தின் மேல் இல்லை, மவுண்டின் மேல். ஒரே ராத்திரியை நம்பாமல் நாலைந்து ராத்திரி அளந்து எழுதி வையுங்கள். அளக்க வழியே இல்லையென்றால் 3 என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

3. இலக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு ஜோடி தேடுங்கள்

நட்சத்திர அகலத்துக்குள் இரண்டிலிருந்து மூன்று பிக்சல் விழ வேண்டும். விதி இவ்வளவுதான். 3 வில்விநாடி வானம் என்றால் ஒரு பிக்சலுக்கு 1 முதல் 1.5 வரை. நிறக் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்றை மட்டுமே பார்ப்பதால் கொஞ்சம் நுணுக்கமாகவே போகலாம், 0.8 வரை போனாலும் நஷ்டமில்லை. பெரும்பாலான நம் ஊர் வானத்துக்கு '1ஐ ஒட்டி' என்று மனதில் வைத்துக்கொண்டால் தப்பு வராது.

இதைவிடப் பொடியாகப் போனால் என்ன என்று கேட்கலாம். என் 0.24 ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 வில்விநாடி வானத்தில் ஒரு நட்சத்திரம் 14 பிக்சல் அகலத்துக்குப் பரவும். காற்று கொடுக்காத விவரத்தைப் பிக்சல் எங்கிருந்து கொண்டுவரும்? போதாக்குறைக்கு, அதே தொலைநோக்கியில் 1 வில்விநாடிப் பிக்சலுக்கு விழும் ஒளியில் 17இல் ஒரு பங்குதான் இந்தப் பொடிப் பிக்சலுக்கு விழுகிறது. கேலக்ஸியே மங்கல், அதைப் பதினேழாகப் பங்கு போட்டால் மிஞ்சுவது இரைச்சல். மறுபக்கம், 3, 4 வில்விநாடி என்று பெரிய பிக்சலாகப் போனால் நட்சத்திரம் ஒரே பிக்சலில் விழுந்து சதுரமாகும், சுருள் கையின் முடிச்சுகள் அதற்குள்ளேயே அமுங்கிவிடும்.

சரி, ஜோடிகள். நான் புதியவர்களுக்கு முதலில் சொல்வது 6 அங்குல எஃப்/4 நியூட்டோனியன் என்ற கண்ணாடித் தொலைநோக்கி, குவியத்தூரம் 600 மி.மீ (எஃப்/4 என்றால் குவியத்தூரம் வாயின் அகலத்தைப் போல 4 மடங்கு). 3.76 மைக்ரான் கேமராவோடு 1.29, 2.9 மைக்ரானோடு சரியாக 1.0. குழாய் குட்டை, எடை குறைவு, நடுத்தர மவுண்டே தாங்கும். அடுத்த படி 8 அங்குல எஃப்/5 நியூட்டோனியன், 1000 மி.மீ. 3.76 மைக்ரானோடு 0.77, பழைய கேனான் டிஎஸ்எல்ஆரோடு 0.89. சின்ன கேலக்ஸிகளுக்கு, கொடுக்கும் காசுக்கு இதைவிட நல்ல ஜோடியை நான் பார்த்ததில்லை. நியூட்டோனியன் எதுவானாலும் கோமா கரெக்டர் என்ற லென்ஸும் வேண்டும்; இல்லாவிட்டால் மூலை நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும்.

80 மி.மீ இடி (ED) ரிஃப்ராக்டர், அதாவது நிறப்பிழை குறைந்த லென்ஸ் தொலைநோக்கி, 600 மி.மீ குவியத்தூரத்தில் 4.3 மைக்ரான் டிஎஸ்எல்ஆரோடு 1.48 தருகிறது. எண் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளி நுழையும் 80 மி.மீ வாயே தன் பங்குக்கு ஒளியை ஏறத்தாழ 1.45 வில்விநாடிக்குப் பரப்பும். 200 மி.மீ வாயில் அது 0.6க்கும் கீழே. பிக்சல் கணக்கு ஒன்றாக இருந்தாலும் பெரிய வாய் கூர்மையில் ஜெயிப்பது இப்படித்தான். 'அக்ரோமேட்' என்று விற்கும் மலிவு ரிஃப்ராக்டர் மட்டும் வேண்டாம். நீல ஒளி தனியாகக் குவிவதால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி ஊதாப் பூசணி நிற்கும்.

டிஎஸ்எல்ஆரா, குளிரூட்டிய கேமராவா என்ற கேள்விக்கு நம் தட்பவெப்பம் பதில் சொல்லிவிடுகிறது. சென்சாரில் இரைச்சலைக் கிளப்பும் வெப்ப மின்னோட்டம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் ஏறும்போதெல்லாம் இரட்டிப்பாகும். ஜனவரியில் ஐரோப்பாக்காரர் 2 டிகிரியில் எடுக்கும் படத்தை நாம் ஏப்ரலில் 28 டிகிரியில் எடுக்கிறோம். பழக ஆரம்பிக்க டிஎஸ்எல்ஆர் தாராளமாகப் போதும். காசு சேர்ந்தால் முதலில் மவுண்டுக்குக் கொடுங்கள், அப்புறம் குளிரூட்டிய கேமராவுக்கு.

4. எந்த கேலக்ஸி சட்டத்துக்குள் அடங்கும், எது நம் வானத்தில் உயரும்

சட்டத்தின், அதாவது படத்துக்குள் விழும் வானத்தின், அகலத்துக்கு இன்னொரு கணக்கு: சென்சார் அகலம் மி.மீட்டரில் × 3438 ÷ குவியத்தூரம் = வில்நிமிடம். ஐஎம்எக்ஸ்533 சென்சார் 11.3 மி.மீ சதுரம். 1000 மி.மீ தொலைநோக்கியில் 39 வில்நிமிடம், முழுநிலாவைவிடக் கொஞ்சம் பெரிய சட்டம். ஐஎம்எக்ஸ்571 என்றால் அதே தொலைநோக்கியில் 81க்கு 54.

கேலக்ஸிகளின் அளவு விஷயத்தில் புதியவர்கள் தடுக்கி விழுவது ஆண்ட்ரோமீடாவில். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்தாலும் அது வானத்தில் 3 டிகிரி நீளம், ஆறு முழுநிலாக்களை வரிசையாக வைத்த மாதிரி. 1000 மி.மீ தொலைநோக்கியில் அதன் வயிறு மட்டும்தான் விழும். அதற்கு 250 முதல் 400 மி.மீ வரையிலான சின்னக் குழாயோ கேமரா லென்ஸோ போதும். அங்கே பிக்சல் கணக்கு 2, 3 என்று வந்தாலும் பரவாயில்லை. மற்ற பெரும்பாலான கேலக்ஸிகள் இதற்கு நேர்மாறு. எம்51 11 வில்நிமிடம். சாம்பிரெரோ எனப்படும் எம்104 வெறும் 9. எம்101 கொஞ்சம் தாராளம், கிட்டத்தட்ட நிலா அளவு. ஒரே தொலைநோக்கி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

அடுத்தது உயரம். ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் பாதி ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருப்பவர்கள் எழுதியவை. "முதல் கேலக்ஸியாக எம்81, எம்82 எடுங்கள்" என்பார்கள். அவர்களுக்கு அவை உச்சிக்குப் பக்கத்தில் போகும். திருச்சி, கோவை அட்சரேகையில் நிற்கும் நமக்கு அவை அதிகபட்சமே 32 டிகிரி உயரத்துக்குத்தான் வரும்; அந்த ஒன்றரை மடங்கு உப்பல் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அட்சரேகைக்கும் கேலக்ஸியின் நடுவரை விலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 90இலிருந்து கழித்தால் அதன் உச்ச உயரம் வந்துவிடும். நடுவரை விலக்கம் (டெக்லினேஷன்) என்பது வானத்தின் அட்சரேகை மாதிரி, எந்த வான வரைபடச் செயலியிலும் இருக்கும்.

அப்படிக் கணக்குப் போட்டால் நம் பலம் தெரியும். சிம்ம ராசியில் இருக்கும் எம்65, எம்66, என்ஜிசி 3628 மூன்றும் நமக்குக் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வருகின்றன, 88 டிகிரி. கன்னி ராசியில் இருக்கும் கேலக்ஸிக் கூட்டமும் அப்படியே. எம்104 67 டிகிரி. எம்83 49 டிகிரி. என்ஜிசி 5128 என்ற சென்டாரஸ் ஏ 36 டிகிரிதான், ஆனால் லண்டனில் இருப்பவருக்கு அது எழுவதே இல்லை. இவற்றில் முக்கால்வாசி பிப்ரவரி முதல் மே வரை கிடைக்கும். நமக்கு வானம் நன்றாகத் திறந்திருக்கும் மாதங்களில் பெரும்பகுதியும் அதுவே. இவ்வளவு பொருந்திவருவது அபூர்வம். ஆண்ட்ரோமீடாவுக்குத்தான் அதிர்ஷ்டம் இல்லை. அது உச்சிக்கு வரும் அக்டோபர், நவம்பர் ராத்திரிகளை வடகிழக்குப் பருவமழை கொண்டுபோய்விடும். ஜனவரி தொடக்கத்தில் இருட்டியவுடனே மேற்கே சாய்வதற்குள் மூன்று மணி நேரம் பிடிக்கலாம்.

கேலக்ஸியின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் நகர வெளிச்சத்தை வடிகட்டும் ஃபில்டர்கள் நெபுலாவுக்கு உதவும் அளவு இதற்கு உதவாது. அந்தக் காசில் ஜவ்வாது மலைப் பக்கம் நாலு முறை போய்வரலாம். 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூர் அந்த மலையில்தான் இருக்கிறது.

5. மவுண்ட்

பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் எக்விடோரியல் மவுண்டும், ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து அதன் பிழையைத் திருத்தும் ஆட்டோகைடரும் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. கைடிங் பிழை எப்படிக் கூர்மையைத் தின்கிறது என்று ஒரு கணக்கு காட்டுகிறேன். சீயிங் 2.5 வில்விநாடி, வாய் 200 மி.மீ. கைடிங் மென்பொருள் மொத்தப் பிழை 0.5 என்று காட்டினால் இறுதி நட்சத்திர அகலம் 2.7. அதே பிழை 1.0 ஆனால் 3.1. அருமையான ஒரு ராத்திரி சுமாரான ராத்திரியாகிவிட்டது. கைடிங் பிழை உங்கள் பிக்சல் எண்ணில் பாதிக்குள் இருந்தால் நிம்மதி. பிக்சல் எண்ணையே தாண்டினால் மற்றதை விட்டுவிட்டு முதலில் இதைச் சரி செய்யுங்கள். நிறுவனம் 20 கிலோ தாங்கும் என்று சொன்னால், படம் எடுக்க 10 கிலோ என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். கடற்கரை ஊர்களில் 8 அங்குல நியூட்டோனியன் குழாய் காற்றுக்குப் பாய்மரம்.

நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. துருவ நட்சத்திரத்தின் உயரம் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, நாகர்கோவிலில் 8. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ மறைத்துவிடும். மறைக்காவிட்டால் தொடுவானப் புழுதி மறைக்கும். துருவத்தைப் பார்க்காமலே, வானத்தில் மூன்று இடங்களைப் படம் பிடித்து மவுண்டின் அச்சைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி நினா என்ற இலவச மென்பொருளின் செருகியில் இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ளுங்கள். மவுண்ட் வாங்கும்போதே உங்கள் ஊர் அட்சரேகை வரை சாய்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். இத்தனை தாழச் சாய்த்தால் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடிக்கும் மவுண்டுகளும் உண்டு. சாயங்கால வெளிச்சத்திலேயே ஒருமுறை முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுவது உத்தமம்.

6. மாட்டுவதும் குவியப்படுத்துவதும்

எண்கள் எல்லாம் பொருந்தியும் மூலையில் நட்சத்திரம் நீண்டு நின்றால் பெரும்பாலும் இடைவெளித் தப்பு. கோமா கரெக்டர், மூலைகளைச் சீராக்கும் ஃப்ளாட்னர், குவியத்தூரத்தைக் குறைக்கும் ரெட்யூசர் எதுவானாலும் அதன் பின்விளிம்பிலிருந்து சென்சார் வரை ஒரு குறிப்பிட்ட தூரம் வேண்டும். பெரும்பாலும் 55 மி.மீ. கேனான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் விளிம்பிலிருந்து சென்சாருக்கு 44, கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி-ரிங் 11, ஆக 55 தானாக வந்துவிடும். வானியல் கேமராவில் நாமே கூட்ட வேண்டும்: சென்சார் 17.5 மி.மீ உள்ளே என்றால், 21, 16.5 என்ற இரண்டு ஸ்பேசர்களும் சேர்ந்து 55. நடுவில் ஃபில்டர் வைத்தால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேருங்கள். வெர்னியர் காலிபர் ஒன்று வீட்டில் இருந்தால் அளந்தே பார்த்துவிடலாம். அதற்கு மேலும் மூலை சரியில்லையென்றால் அரை மி.மீ வளையங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் எடுத்தும், எந்தப் பக்கம் போனால் நட்சத்திரம் உருண்டையாகிறது என்று பாருங்கள்.

நியூட்டோனியன் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கண்ணால் பார்க்க மட்டும் செய்த குழாய்களில், டாப்சோனியன்களில் குறிப்பாக, ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் டிஎஸ்எல்ஆருக்குக் குவியம் கிடைக்காது. 'படம் எடுக்க ஏற்றது' என்று சொல்லி விற்பதை வாங்குங்கள், 2 அங்குல ஃபோகஸரோடு. அப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் தொடங்குமுன் கண்ணாடிகளை நேர்ப்படுத்துங்கள். ஐந்து நிமிட வேலை, பழகினால் மூன்று.

குவியம் தவறும் அளவு எவ்வளவு தெரியுமா? எஃப்/5 தொலைநோக்கியில் சென்சார் இருக்க வேண்டிய இடத்தின் மொத்த ஆழம் 67 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன். எஃப்/4இல் 43தான். ஒரு மீட்டர் அலுமினியக் குழாய் வெப்பம் 1 டிகிரி இறங்கும்போது 23 மைக்ரான் சுருங்குகிறது. மாலையில் 30 டிகிரியில் குவியப்படுத்திவிட்டு நள்ளிரவில் 27 டிகிரியில் எடுத்துக்கொண்டிருந்தால் குவியம் ஏற்கெனவே கைநழுவியிருக்கும். முகப்பில் மாட்டும் பாஹ்டினோவ் மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தால் எக்ஸ் வடிவக் கதிரும் நடுவே ஒரு கோடும் தெரியும். கோடு சரியாக நடுவில் வரும்போது நிறுத்துங்கள். மணிக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். ஸ்லோமோஷனில் ஃபோகஸர் குமிழைத் திருப்பி, கையை எடுத்து, அதிர்வு அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பது ஒரு தனித் தவம். மோட்டார் ஃபோகஸர் வாங்கிய நாளில் எனக்கு முதுகுவலி பாதி குறைந்தது.

7. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

பொருந்தாத ஜோடியை விற்க வேண்டியதில்லை. பிக்சல் எண் மிகச் சின்னதாக வந்தால் இரண்டு வழி. ரெட்யூசர் போட்டுக் குவியத்தூரத்தைக் குறைக்கலாம்; அல்லது 2×2 பின்னிங் செய்து நான்கு பிக்சலை ஒன்றாக்கலாம். சிமாஸ் (CMOS) வகைச் சென்சார் உள்ள கேமராவில் பின்னிங்கைப் படம் எடுத்த பிறகு கணினியில் செய்தாலும் பலன் ஒன்றுதான். என் பழைய ஜோடிக்கு இரண்டையும் செய்தேன்: 0.63 ரெட்யூசரால் 2032 மி.மீ 1280 ஆனது, பின்னிங்கால் 2.4 மைக்ரான் 4.8 ஆனது. பிக்சலுக்கு 0.77. அடுத்த மார்ச்சில் அதே எம்51ஐ எடுத்தபோது, பெரிய கேலக்ஸியிலிருந்து சின்னத் துணை கேலக்ஸிக்கு நீளும் கையும், துணையின் முகத்துக்குக் குறுக்கே போகும் தூசிக்கோடும் தெரிந்தன. ஒரே குழாய், ஒரே கேமரா.

பிக்சல் எண் பெரிதாக வந்தால், படத்துக்குப் படம் சட்டத்தைச் சில பிக்சல் நகர்த்தி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கும்போது ட்ரிஸில் (drizzle) முறையைப் பயன்படுத்துங்கள். கொஞ்சம் மீளும். பார்லோ லென்ஸ் போட்டுக் குவியத்தூரத்தை இழுக்கலாமே என்று தோன்றும். கோள்களுக்கு அது சரி, கேலக்ஸிக்கு வேண்டாம்.

8. முதல் ராத்திரி

ஏப்ரல் முதல் வாரத்தில் அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். எம்104 நள்ளிரவு வாக்கில் உச்சத்தில் இருக்கும். 1000 மி.மீ தொலைநோக்கி, 3.76 மைக்ரான் கேமரா என்றே வைத்துக்கொள்வோம். சாயங்காலமே குழாயை வெளியில் வைத்து மூடியைத் திறந்து ஆற விடுங்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கினால் மாடிச் சூடும் அடங்கியிருக்கும். கேமராவை -5 டிகிரியில் வையுங்கள், கோடையில் -10க்கு முறுக்க வேண்டாம். 60 விநாடிப் படங்களாக எடுங்கள். நீளமாக எடுத்தால் ஒரு காற்றடி பட்டாலும் ஐந்து நிமிடம் போச்சு. 60 விநாடி என்றால் ஒன்றுதான் போகும். மூன்று மணி நேரத்தில் 180 படம்.

முதல் படம் திரைக்கு வந்ததும் நட்சத்திர அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரையில் எம்104 சுமார் 700 பிக்சல் நீளத்துக்குப் படுத்திருக்கும். அது ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பதால் உங்கள் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் நூற்றுக்கும் மேற்பட்ட ஒளியாண்டு அகலம் அடங்கியிருக்கிறது. அந்தக் கருப்புத் தூசிப் பட்டை ஒரே படத்திலேயே தெரியும். முதல் முறை அதைப் பார்த்த ராத்திரி நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன், யாரும் ரசிக்கவில்லை.

மறுநாள் சிரிலில் 180 படங்களையும் நட்சத்திர அகலப்படி வரிசைப்படுத்தி, மோசமான கால்வாசியைத் தயங்காமல் தள்ளிவிட்டு மீதியை அடுக்குங்கள். 3.0 உள்ள படங்களோடு 4.2 உள்ளவற்றைச் சேர்த்தால் முன்னதின் கூர்மையும் கரையும்.

ஒன்று மறந்தே போனேன். எடுத்து முடித்ததும் தூக்கக் கலக்கத்தில் கேமராவைக் கழற்றிவிடாதீர்கள். விடியும்போது வானம் சாம்பல் நிறமாகும் அந்த இருபது நிமிடத்தில், வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துக் குழாயின் வாயில் சுருக்கமில்லாமல் கட்டி, குவியத்தை மாற்றாமல் முப்பது ஃப்ளாட் படங்கள் எடுங்கள். சென்சார் மேல் உட்கார்ந்திருக்கும் தூசியின் வளையங்களும் மூலை இருட்டும் அவற்றை வைத்துத்தான் கழியும். கேமராவை ஒருமுறை கழற்றி மாட்டினால் தூசியின் இடம் மாறிவிடும், அந்த ஃப்ளாட் அந்த ராத்திரிக்குச் செல்லாது.